அதிக சக்தி கொண்ட ஹாட் ராடுக்கு ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ்: முதல்முறை கட்டுபவர்களுக்கு ஒரு வழிகாட்டி

ஹாட் ராடு, அதாவது பழைய காரில் பலமான இன்ஜினைப் போட்டு மாற்றியமைக்கும் வண்டி, கட்டத் தொடங்கும் பெரும்பாலானோர் முதலில் இன்ஜினைத்தான் வாங்குகிறார்கள். ஐந்நூறு, அறுநூறு குதிரைத்திறன் ஸ்டாண்டில் வந்து உட்கார்ந்த பிறகு, "இதைத் தாங்குகிற கியர்பாக்ஸ் எது?" என்று தேட ஆரம்பிக்கிறார்கள். தாங்குவது முக்கியம்தான். ஆனால் அதை மட்டும் பார்த்து வாங்கினால், பின் அச்சின் விகிதம் (சக்கரம் ஒரு முறை சுற்ற புரொப்பல்லர் ஷாஃப்ட் எத்தனை முறை சுற்றுகிறது என்ற எண்) ஒரு பக்கம் இழுக்கும், டார்க் கன்வெர்ட்டர் (இன்ஜினின் சுழற்சியை ஆயில் வழியாகக் கியர்பாக்ஸுக்குக் கொடுக்கும் பாகம்) இன்னொரு பக்கம் இழுக்கும். பெட்டி உடையாமலே இருக்கும். வண்டியை ஓட்டத்தான் பிடிக்காது. அல்லது ஆயில் கொதித்துக் கொதித்து ஒரே வருடத்தில் கிளட்ச் தட்டுகள் கருகிவிடும்.

வண்டியின் எடை, டயரின் உயரம், பின் அச்சு விகிதம், டார்க் கன்வெர்ட்டர், கியர்பாக்ஸ். இந்த ஐந்தையும் ஒரே தாளில் எழுதி, ஒன்றாகத் தேர்ந்தெடுங்கள். கீழே வருவதெல்லாம் அந்தத் தாளை நிரப்பும் வழிதான்.

ஜெனரல் மோட்டார்ஸ் கியர்பாக்ஸ்களைப் பற்றித்தான் இங்கே அதிகம் பேசுகிறேன். ஹாட் ராடுகளில் அதிகம் புழங்குவது அவைதான், உதிரி பாகமும் தாராளமாகக் கிடைக்கும். ஃபோர்டு, கிரைஸ்லர் இன்ஜின் வைத்திருப்பவர்களுக்கும் கணக்கு ஒன்றுதான், பெட்டியின் பெயர் மட்டும் மாறும்.

1. வண்டியை எப்படி ஓட்டப் போகிறீர்கள்?

இதற்கு உண்மையான பதிலை எழுதுங்கள். வருடத்துக்கு இரண்டு முறை டிராக் ஸ்ட்ரிப்பில், அதாவது நேர்கோட்டுப் பந்தயத் தடத்தில், ஓட்டிவிட்டு, மீதி நாளெல்லாம் நெடுஞ்சாலையில் போகிற வண்டி, சாலை வண்டிதான். அதற்குப் பந்தயப் பெட்டியைப் போட்டால் அந்த இரண்டு நாளுக்காக வருடம் முழுக்க அவதிப்பட வேண்டியிருக்கும்.

நெடுஞ்சாலைப் பயணம் உண்டா, எவ்வளவு வேகத்தில்? டிராஃபிக்கில் நிற்குமா? டிராக்கில் ஓட்டினால் சாதாரண ரேடியல் டயரா, ஒட்டிப் பிடிக்கும் ஸ்லிக் டயரா? டயர் வழுக்கும்வரை கியர்பாக்ஸுக்கு ஒரு பாதுகாப்பு உண்டு. டயர் தரையைப் பிடித்துக்கொண்டால் மொத்த விசையும் உள்ளே இருக்கும் ஷாஃப்ட், டிரம், கிளட்ச் தட்டுகளின் தலையில்தான் விழும். வருடக்கணக்கில் உழைத்த பெட்டி, ஸ்லிக் டயர் மாட்டிய முதல் நாளே உடைவதற்கு இதுதான் காரணம்.

2. குதிரைத்திறனை விட டார்க்கைப் பாருங்கள்

கிளட்ச் தட்டுகள் பிடித்து நிறுத்துவது டார்க்கை, அதாவது இன்ஜினின் திருகு விசையை. 600 குதிரைத்திறன் என்ற ஒரே எண்ணுக்குள் இரண்டு வேறு இன்ஜின்கள் இருக்க முடியும். 7,000 ஆர்பிஎம்மில் (நிமிடத்துக்கு 7,000 சுற்று) 600 குதிரைத்திறன் கொடுக்கும் இன்ஜினின் டார்க் அந்த இடத்தில் சுமார் 610 நியூட்டன் மீட்டர். அதே 600-ஐ 5,000 ஆர்பிஎம்மிலேயே கொடுக்கும் டர்போ இன்ஜினில் சுமார் 850. முதல் இன்ஜினோடு சமாளித்துப் போகும் பெட்டி இரண்டாவதோடு தாக்குப்பிடிக்காது.

இன்னொன்று. வண்டி நின்ற இடத்திலிருந்து கிளம்பும்போது டார்க் கன்வெர்ட்டர் இன்ஜினின் டார்க்கை ஏறக்குறைய இரண்டு மடங்காக்கி உள்ளே அனுப்புகிறது. அதனால் இன்புட் ஷாஃப்ட் பார்ப்பது நீங்கள் டைனோ (இன்ஜின் சக்தியை அளக்கும் இயந்திரம்) தாளில் பார்க்கும் எண்ணை அல்ல, அதைவிட மிகப் பெரிய எண்ணை.

எடையும் சேர்ந்துகொள்ளும். ஒரு டன் எடையுள்ள 1932 ஃபோர்டு ரோட்ஸ்டர், அடித்த உடனே ஓடிவிடும். பெட்டி மீது சுமை நீடிக்காது. 1.7 டன் எடையுள்ள அறுபதுகளின் பெரிய கூபே அதே இன்ஜினோடு ஒவ்வொரு கியரிலும் அதிக நேரம் சுமையைத் தாங்கவைக்கும். ஒரே இன்ஜின், இரண்டு வண்டி. பெட்டியும் இரண்டு வகையாக இருக்கலாம்.

3. பேனாவை எடுத்துக் கணக்குப் போடுங்கள்

இந்த ஒரு படியைத் தாண்டிப் போகாதீர்கள். பத்து நிமிட வேலை.

முதலில், கிளம்பும் பலம். முதல் கியர் விகிதத்தைப் பின் அச்சு விகிதத்தால் பெருக்குங்கள். சாலையில் ஓடும் வண்டிக்கு இது 10-ஐ ஒட்டி வந்தால் நன்றாகக் கிளம்பும். வண்டி லேசாகவும் இன்ஜின் பலமாகவும் இருந்தால் 8 கூட ஏராளம். 12-ஐத் தாண்டிவிட்டால் பலமான இன்ஜினில் முதல் கியர் டயரைப் புகைக்க மட்டுமே பயன்படும்.

அப்புறம், நெடுஞ்சாலை ஆர்பிஎம். கிலோமீட்டர் வேகத்தை 530-ஆல் பெருக்கி, டயரின் மொத்த விட்டத்தால், அதாவது சென்டிமீட்டரில், வகுங்கள். வருவது சக்கரம் நிமிடத்துக்கு எத்தனை முறை சுற்றுகிறது என்ற எண். அதைப் பின் அச்சு விகிதத்தாலும் கடைசி கியர் விகிதத்தாலும் பெருக்கினால் இன்ஜின் ஆர்பிஎம்.

71 சென்டிமீட்டர் டயர், அதாவது 28 அங்குலம், 3.73 பின் அச்சு என்று வைத்துக்கொள்வோம். 100 கி.மீ. வேகத்தில் சக்கரம் சுமார் 747 முறை சுற்றும். ஓவர்டிரைவ், அதாவது 1.00-ஐ விடக் குறைந்த விகிதமுள்ள கடைசி கியர், இல்லாத பெட்டியில் இன்ஜின் 2,790 ஆர்பிஎம்மை ஒட்டி ஓடும், 120-இல் 3,340-ஐத் தாண்டும். மணிக்கணக்கில் அந்தச் சத்தத்தோடு போக முடியாது. கடைசி கியர் 0.75 உள்ள பெட்டியில் 100 கி.மீ. வேகத்துக்கு 2,090 போதும். சரி, ஓவர்டிரைவ் கட்டாயம் என்று தோன்றுகிறதா? பின் அச்சை 3.08-ஆக மாற்றிப் பாருங்கள். ஓவர்டிரைவ் இல்லாமலே 2,300-தான் வருகிறது. லேசான வண்டி, டார்க் நிறைந்த பெரிய இன்ஜின் என்றால், மூன்று கியர் பெட்டியும் 3.08 பின் அச்சும் எளிமையான, மலிவான, நீடித்து உழைக்கும் ஜோடி. தேவையே இல்லாமல் ஓவர்டிரைவ் பெட்டிக்குச் செலவழிப்பவர்கள் நிறைய.

கியருக்கு கியர் ஆர்பிஎம் எவ்வளவு விழுகிறது என்பதையும் பார்த்துவிடுங்கள். 6,000-இல் முதல் கியரிலிருந்து இரண்டாவதுக்கு மாறினால், டர்போ 400 என்ற பெட்டியில் (‘டர்போ’ இங்கே பெயர் மட்டும்தான், டர்போசார்ஜர் இல்லை) ஊசி சுமார் 3,580-இல் வந்து நிற்கும். 700ஆர்4 பெட்டியில் 3,200-க்கு விழும். இரண்டும் அடுத்த பகுதியில் வருகின்றன. மேல் ஆர்பிஎம்மில் மட்டும் மூச்சுவிடும் பெரிய கேம் ஷாஃப்ட் இன்ஜினுக்கு அந்தப் பள்ளம் நன்றாகத் தெரியும். கீழிருந்தே இழுக்கும் இன்ஜினுக்குத் தெரியவே தெரியாது.

4. களத்தில் இருக்கும் பெட்டிகள்

பவர்கிளைடு. இரண்டே கியர், முதல் கியர் 1.76 அல்லது 1.82. அலுமினிய உறை கொண்டது 1962 முதல் 1973 வரை வந்தது. லேசானது, உள்ளே சுழலும் பாகங்கள் குறைவு, முதல் கியரின் விகிதம் சின்னதாக இருப்பதால் டயரைத் திணறடிக்காது. லேசான டிராக் வண்டிகளில் இன்றும் ஓடுவது அதனால்தான். சாலை வண்டிக்கு வேண்டாம்.

டர்போ 350. 1969 மாடல் வருடத்தில் வந்தது. கியர் விகிதங்கள் 2.52, 1.52, 1.00. சின்னது, எந்தத் தரைக்கு அடியிலும் நுழைந்துவிடும். 400 குதிரைத்திறனை ஒட்டிய லேசான ஹாட் ராடுக்கு நல்ல ஆரம்பம். அதற்கு மேல் போகப்போக நடுவில் இருக்கும் ஸ்ப்ராக்கையும் (ஒரு பக்கம் மட்டும் சுழல விடும் கிளட்ச்) டைரக்ட் டிரம்மையும் (கிளட்ச் தட்டுகளைத் தாங்கும் உருளை) பலப்படுத்த வேண்டியிருக்கும். அந்தப் பணத்தைக் கூட்டிப் பார்த்தால் அடுத்த பெட்டியின் விலை வந்துவிடும்.

டர்போ 400. 1964 முதல். 2.48, 1.48, 1.00. ப்யூக், காடிலாக் போன்ற கனமான கார்களுக்கும் பிற்பாடு லாரிகளுக்கும் போட்ட பெட்டி. 350-ஐ விடக் கனம், சுழலும் பாகங்களும் கனம், அதனால் கொஞ்சம் சக்தியைத் தின்னும். ஆனால் கம்பெனி நிலையிலேயே இதைப்போல அடி தாங்கும் பழைய மூன்று கியர் பெட்டி அபூர்வம். 34 துண்டு ஸ்ப்ராக், நல்ல கிளட்ச் தட்டுகள், சரியாக வேலை செய்த வால்வு பாடி (ஆயிலைத் தேவையான கிளட்ச்சுக்குத் திருப்பிவிடும் பாகம்) என்று போட்டால் நான்கு இலக்கக் குதிரைத்திறன் வண்டிகளிலும் ஓடும். கம்ப்யூட்டர் வேண்டாம், அதிகம் ஒயரிங் வேண்டாம். ஓவர்டிரைவ் பிற்பாடு வேண்டுமென்றால் கியர் வெண்டர்ஸ் நிறுவனத்தின் 0.78 யூனிட்டைப் பின்புறம் கோத்துக்கொள்ளலாம். விலை அதிகம், நீளமும் கூடும், ஆனால் வேலை செய்யும்.

700ஆர்4-உம் 4எல்60இ-உம். 1982-இல் வந்த 700ஆர்4-க்கு 3.06, 1.63, 1.00, 0.70. அதன் எலெக்ட்ரானிக் தம்பிதான் 1993-இல் வந்த 4எல்60இ. 3.06 முதல் கியர், மிதமான சக்தி கொண்ட வண்டியைத் துள்ளவைக்கும். அதிக சக்திக்கு வரும்போது சிக்கல். மூன்றாவது, நான்காவது கியருக்கான கிளட்ச் தொகுப்பு சின்னது. முதலில் கருகுவது அதுதான். சன் ஷெல் என்ற பாகத்தின் பற்களும் மழுங்கிவிடும். இரண்டுக்கும் பலமான மாற்றுப் பாகங்கள் கிடைக்கின்றன. ஆனாலும் 500 குதிரைத்திறனுக்கு மேல், கனமான வண்டியில், நான் இதை யாருக்கும் சொல்வதில்லை. பழையது வாங்குவதாக இருந்தால் 1987-க்குப் பிந்தைய 700ஆர்4-ஐத் தேடுங்கள். ஆரம்ப வருடங்களின் 27 பல் இன்புட் ஷாஃப்ட்டைத் தவிர்த்துவிடுங்கள்.

200-4ஆர். 2.74, 1.57, 1.00, 0.67. எண்பதுகளில் டர்போ வைத்த ப்யூக் கிராண்ட் நேஷனலில் வந்த பெட்டி. குட்டை வால் கொண்ட டர்போ 350-இன் நீளமேதான், அதனால் பழைய மூன்று கியர் பெட்டியை எடுத்துவிட்டு ஓவர்டிரைவ் போட நினைப்பவர்களுக்கு வசதி. உறையில் பெரும்பாலும் செவ்ரலே போல்ட் அமைப்பும் ப்யூக், ஓல்ட்ஸ்மொபில், பான்டியாக் அமைப்பும் சேர்ந்தே இருக்கும். கம்பெனி நிலையில் மென்மையானது. தெரிந்த கை பலப்படுத்தினால் நம்பலாம்.

4எல்80இ. 1991-இல் வந்தது. 2.48, 1.48, 1.00, 0.75. முதல் மூன்று விகிதங்களைப் பாருங்கள், டர்போ 400-தான். அதோடு ஓவர்டிரைவும், கன்வெர்ட்டரை வழுக்காமல் பூட்டும் லாக்-அப் கிளட்ச்சும் சேர்த்து, கம்ப்யூட்டரின் கையில் கொடுத்திருக்கிறார்கள். கம்பெனியே சுமார் 600 நியூட்டன் மீட்டர் இன்ஜின் டார்க்குக்கு என்று கனரக பிக்அப்களில் போட்டது. 600 குதிரைத்திறன், நெடுஞ்சாலைப் பயணம், அவ்வப்போது டிராக் என்று எழுதியிருந்தால் நான் முதலில் பார்ப்பது இதைத்தான். பெரியது, நூறு கிலோவுக்கு மேல் கனம். பழைய வண்டிகளில் தரையின் நடு மேட்டை வெட்டி உயர்த்தாமல் உள்ளே போகாது. 1997 முதல் வந்த உறையில் கூலரிலிருந்து திரும்பும் ஆயில் குழாய் உறையின் நடுப்பகுதியில் ஏறும். பின்பக்க கியர்களுக்கு மசகு ஆயில் நன்றாகப் போய்ச் சேர்வது அந்த வகையில்தான். முடிந்தவரை அதையே வாங்குங்கள்.

நவீன பெட்டிகள். ஆறு கியர் 6எல்80-இல் முதல் கியர் 4.03, அதன் கம்ப்யூட்டர் ஆயில் பானுக்கு உள்ளேயே இருக்கிறது. ஜெர்மனியின் இசட்எஃப் நிறுவனத்தின் எட்டு கியர் 8ஹெச்பி குடும்பத்தின் பல பெட்டிகளில் முதல் கியர் 4.71, கடைசி 0.67. 707 குதிரைத்திறன் டாட்ஜ் ஹெல்கேட்டில் வந்தது 8ஹெச்பி90. கியர் மாற்றம் அவ்வளவு வேகம், அவ்வளவு சுத்தம். ஆனால் பின் அச்சைக் கூடவே மாற்ற வேண்டும் என்பதை மறந்துவிடக் கூடாது. ஆட்டோமேட்டிக் ஹெல்கேட்டில் கம்பெனி போட்டது 2.62 பின் அச்சு. உங்கள் 3.73-ஐ அப்படியே விட்டால் முதல் கியர் பெருக்கம் 17-ஐத் தாண்டும். கால் வைத்த உடனே முதல் கியர் முடிந்துவிடும். தனிக் கம்ப்யூட்டர், ஒயரிங், டியூனிங் செலவையும் சேர்த்து யோசியுங்கள். முதல் வண்டிக்கு இதைப் பரிந்துரைக்க மாட்டேன். இரண்டாவது வண்டி என்றால் தாராளமாக.

ஃபோர்டு இன்ஜினுக்கு லேசான பக்கம் சி4, பலமான பக்கம் 1966-இல் வந்த சி6. ஓவர்டிரைவுக்கு ஏஓடி அல்லது அதன் வழிவந்த 4ஆர்70டபிள்யூ. கிரைஸ்லர் இன்ஜினுக்கு 1962 முதல் வந்த டார்க்ஃபிளைட் 727 என்றால் கண்ணை மூடிக்கொண்டு நம்பலாம், விகிதம் 2.45, 1.45, 1.00.

5. டார்க் கன்வெர்ட்டர்: அரைப் பெட்டி இதுதான்

பெட்டிக்குப் பணம் பார்க்காமல் செலவழித்துவிட்டு, கன்வெர்ட்டரை மலிவாக வாங்குபவர்களைப் பார்த்தால் வருத்தமாக இருக்கிறது. வண்டி கையில் எப்படி இருக்கும் என்பதைத் தீர்மானிப்பது பெரும்பாலும் இதுதான்.

ஸ்டால் வேகம் என்பது, பின் சக்கரம் நகராமல் நிற்கும்போது கன்வெர்ட்டர் இன்ஜினை எந்த ஆர்பிஎம் வரை சுற்ற விடும் என்ற எண். அது நிலையான எண் அல்ல. ஒரே கன்வெர்ட்டர் சின்ன இன்ஜினுக்குப் பின்னால் 2,400 காட்டும், பெரிய இன்ஜினுக்குப் பின்னால் 3,000 காட்டும். அதனால் கன்வெர்ட்டர் வரும் அட்டைப்பெட்டியின் மேல் அச்சடித்த எண்ணை நம்பி வாங்காதீர்கள். வண்டி எடை, டார்க், கேம் ஷாஃப்ட் விவரம், பின் அச்சு, டயர், டர்போவோ சூப்பர்சார்ஜரோ உண்டா என்று கன்வெர்ட்டர் செய்பவரிடம் எல்லாவற்றையும் சொல்லுங்கள். இவற்றைக் கேட்காமலே விற்கத் தயாராக இருப்பவரிடம் வாங்க வேண்டாம்.

கேம் ஷாஃப்ட் எந்த ஆர்பிஎம்மில் உயிர் பெறுகிறதோ, அதற்குக் கொஞ்சம் மேலே ஸ்டால் இருந்தால் வண்டி நன்றாகக் கிளம்பும். சரி, நெடுஞ்சாலையில்? முன்பு போட்ட கணக்குக்குத் திரும்புவோம். ஓவர்டிரைவில் 100 கி.மீ. வேகத்துக்கு 2,090 ஆர்பிஎம். உங்கள் கன்வெர்ட்டர் 3,500 ஸ்டால். அதாவது வழி முழுக்க ஸ்டாலுக்குக் கீழேதான் ஓடுகிறீர்கள். கன்வெர்ட்டர் வழுக்கிக்கொண்டே இருக்கும், வழுக்கல் எல்லாம் சூடாகி ஆயிலில் இறங்கும். ஓவர்டிரைவும் உயர்ந்த ஸ்டாலும் சேர்ந்தால் லாக்-அப் கிளட்ச் கட்டாயம். பலமான இன்ஜினை முழு ஆக்சிலரேட்டரில் லாக் செய்வதாக இருந்தால், ஒற்றைத் தட்டுக்குப் பதில் பல தட்டு லாக்-அப் கேளுங்கள். டர்போசார்ஜர் இருந்தால், அல்லது கிளம்பும்வரை கியர்பாக்ஸாலேயே வண்டியைப் பிடித்து நிறுத்தும் டிரான்ஸ் பிரேக் போடுவதாக இருந்தால், கன்வெர்ட்டர் ஊதிக்கொள்ளாமல் தடுக்கும் பலகையும் வேண்டும்.

6. உள்ளழுத்தத்தை யார் தீர்மானிக்கிறார்கள்?

ஆட்டோமேட்டிக் பெட்டியில் கிளட்ச் தட்டுகளை அழுத்திப் பிடிப்பது ஆயில் அழுத்தம். இன்ஜின் எவ்வளவு கடினமாக வேலை செய்கிறது என்ற செய்தி பெட்டிக்குப் போய்ச் சேர்ந்தால்தான் அழுத்தம் சரியாக ஏறும். செய்தி தப்பினால் தட்டு வழுக்கும், வழுக்கினால் கருகும். புதியவர்களின் பெட்டிகள் கெடுவதில் பெரும் பகுதி இந்த இடத்தில்தான்.

700ஆர்4, 200-4ஆர் இரண்டிலும் இந்தச் செய்தியைச் சொல்வது டிவி (திராட்டில் வால்வு) கேபிள்; ஏஓடி-யில் கேபிளோ கம்பியோ இருக்கும். பார்க்க டர்போ 350-இன் கிக்-டவுன் கேபிள் போலவே இருக்கும், ஆனால் வேலை வேறு. 350-இன் கேபிள் கழன்று தொங்கினாலும் கியர் குறைவது மட்டும்தான் நடக்காது. பெட்டிக்கு ஒன்றும் ஆகாது. டிவி கேபிள் தளர்ந்திருந்தால், ஆக்சிலரேட்டரை முழுக்க மிதித்தாலும் பெட்டி குறைந்த அழுத்தத்திலேயே கியரைப் பிடிக்கப் பார்க்கும். அப்படி ஓட்டினால் ஒரு சில கிலோமீட்டரே போதும், புதுப் பெட்டி பாழ்.

கார்புரேட்டரை மாற்றியிருந்தால் கேபிள் மாட்டும் கையின் நீளமும் கோணமும் மாறியிருக்கும். அதற்கென்று விற்கும் திருத்தப் பிராக்கெட்டை வாங்கி மாட்டுங்கள். அப்புறம் இன்ஜின் நின்ற நிலையில் ஒருவர் உள்ளே உட்கார்ந்து பெடலைத் தரைவரை மிதிக்கட்டும். நீங்கள் பானெட்டுக்கு அடியில் கேபிளைப் பாருங்கள். திராட்டில் முழுக்கத் திறந்த அதே இடத்தில் கேபிளும் கடைசிவரை இழுபட்டிருக்க வேண்டும். விரலால் இன்னும் ஒரு இழை இழுக்க முடிந்தால் சரியில்லை. அதோடு நிறுத்தாமல் பெட்டியின் அழுத்தத் துளையில் மானி மாட்டி எண்ணையும் பாருங்கள்.

டர்போ 350, 400 இரண்டிலும் இன்ஜினின் வேக்கத்தை (உறிஞ்சு அழுத்தத்தை) வைத்து இயங்கும் வேக்கம் மாடுலேட்டர் இந்த வேலையைச் செய்கிறது. குழாய் கழன்றால் அழுத்தம் கூடும், கியர் தாமதமாக, முரட்டுத்தனமாக விழும், ஆனால் எரியாது. பெரிய கேம் ஷாஃப்ட்டால் வேக்கம் குறைவாக இருந்தால் திருகி அமைக்கக்கூடிய மாடுலேட்டரைப் போடலாம். சூப்பர்சார்ஜர் இருந்தால் வேக்கத்தை அதற்குக் கீழே, மேனிஃபோல்டிலிருந்து எடுங்கள்.

எலெக்ட்ரானிக் பெட்டிகளுக்குத் தனிக் கம்ப்யூட்டர் வேண்டும். ஹோலியின் டெர்மினேட்டர் எக்ஸ் மேக்ஸ் போன்றவை இன்ஜினையும் 4எல்60இ, 4எல்80இ பெட்டிகளையும் ஒன்றாகவே பார்த்துக்கொள்ளும். கார்புரேட்டர் வண்டியென்றால் பெட்டிக்கு மட்டுமான கம்ப்யூட்டரும், திராட்டில் நிலையைச் சொல்லும் சென்சாரும் போடலாம். டிவி கேபிளோடு போராடுவதைவிட எனக்கு இதுதான் நிம்மதி.

7. வாங்கும் முன் அளவெடுங்கள்

இன்ஜினின் பின்புறப் போல்ட் அமைப்பும் பெட்டியின் அமைப்பும் ஒன்றா? எல்எஸ் (ஜெனரல் மோட்டார்ஸின் புதிய தலைமுறை வி8) இன்ஜினோடு பழைய டர்போ 400-ஐக் கோப்பதாக இருந்தால் ஒரு விஷயம்: எல்எஸ் கிராங்க் ஷாஃப்ட்டின் பின் முகம் பழைய செவ்ரலேயைவிட 0.400 அங்குலம், அதாவது சுமார் 10 மி.மீ., உள்ளே தள்ளி இருக்கும். ஸ்பேசரும் அதற்கேற்ற ஃபிளெக்ஸ் பிளேட்டும் (இன்ஜினையும் கன்வெர்ட்டரையும் இணைக்கும் தட்டு) வேண்டும். பலமான இன்ஜினுக்கு எஸ்எஃப்ஐ 29.1 என்ற பந்தயப் பாதுகாப்புச் சான்று பெற்ற ஃபிளெக்ஸ் பிளேட்டை மட்டும் போடுங்கள். அது உங்கள் காலுக்குப் பக்கத்தில் சுற்றுகிறது.

அவுட்புட் ஷாஃப்ட்: டர்போ 350, 700ஆர்4, 200-4ஆர் எல்லாம் 27 பல். டர்போ 400-உம் 4எல்80இ-உம் 32 பல். பெட்டி மாறினால் புரொப்பல்லர் ஷாஃப்ட்டின் முன் யோக்கும் மாறும், நீளமும் பெரும்பாலும் மாறும். கிராஸ் மெம்பரின் இடம், கியர் லீவரின் இணைப்பு, ஸ்பீடோமீட்டருக்குக் கேபிளா சென்சாரா, எக்ஸாஸ்ட் குழாய் உரசுமா என்று எல்லாவற்றையும் அட்டையில் வெட்டிய மாதிரி வைத்துப் பார்த்துவிடுங்கள். பார்க், நியூட்ரல் தவிர வேறு எதிலும் ஸ்டார்ட் ஆகாமல் தடுக்கும் ஸ்விட்ச்சை எந்தக் காரணத்துக்காகவும் நீக்காதீர்கள்.

8. கூலர்

ஆயில் 80 முதல் 95 டிகிரி செல்சியஸ் வரை இருந்தால் பெட்டி பல வருடம் ஓடும். 120-ஐத் தாண்டும் ஒவ்வொரு முறையும் ஆயுள் குறைகிறது. முன் முகம் சின்னதாக இருக்கும் ஹாட் ராடுகளில் ரேடியேட்டருக்கு முன்னால் இடம் கிடைக்காது. விசிறி வைத்த தனிக் கூலரைச் சட்டத்துக்கு அடியில் வைக்கலாம், காற்று வந்து போக வழி இருக்க வேண்டும். ரேடியேட்டருக்குள் ஏற்கெனவே கூலர் இருந்தால் ஆயில் முதலில் அதற்குள் போய், பிறகு தனிக் கூலருக்கு வந்து, பெட்டிக்குத் திரும்பட்டும். வெப்பமானியைப் பானில் பொருத்துங்கள். ஆழமான பான் நல்லதுதான், ஆனால் தரையை ஒட்டி ஓடும் வண்டியில் முதல் வேகத்தடையே அதைப் பிளந்துவிடலாம்.

9. பழையது வாங்கும்போது

அடையாளம் காண பானைப் பாருங்கள். டர்போ 350-இன் பான் ஏறக்குறைய சதுரம், ஒரு மூலை வெட்டியிருக்கும், 13 போல்ட். டர்போ 400-க்கும் 13-தான், ஆனால் ஒழுங்கற்ற வடிவம். 700ஆர்4 செவ்வகம், 16. 4எல்80இ என்றால் 17.

விற்பவர் சம்மதித்தால் பானைக் கழற்றுங்கள். அடியில் மெல்லிய சாம்பல் நிறச் சேறு சகஜம். கறுப்புத் துகள்களும் கருகல் வாடையும் இருந்தால் கிளட்ச் தட்டுகள் போய்விட்டன. மினுமினுக்கும் உலோகத் துணுக்குகள் இருந்தால் கையைக் கழுவிக்கொண்டு கிளம்பிவிடுங்கள். எப்படியும் அதிக சக்தி வண்டிக்குப் பழைய பெட்டியை அப்படியே போடக் கூடாது. உறைக்காக வாங்குகிறோம், உள்ளே எல்லாம் புதிது என்ற கணக்கில்தான் பணம் ஒதுக்க வேண்டும்.

10. பொருத்துவதும் முதல் ஓட்டமும்

கன்வெர்ட்டரில் ஒரு லிட்டர் ஆயில் ஊற்றிவிட்டு இன்புட் ஷாஃப்ட்டில் ஏற்றுங்கள். அழுத்திக்கொண்டே மெல்லச் சுற்றினால் முதலில் ஷாஃப்ட்டின் பற்களிலும், அடுத்து ஸ்டேட்டரின் பற்களிலும், கடைசியாகப் பம்ப்பின் காடியிலும் இறங்கும். ஒவ்வொரு முறையும் 'டக்' என்று கைக்குத் தெரியும். மூன்றாவதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். இரண்டோடு நிறுத்திவிட்டு இன்ஜினோடு போல்ட் போட்டு இறுக்கினால், ஸ்டார்ட் செய்யும் முன்பே பம்ப் உடைந்திருக்கும்.

பெட்டியின் வாய் இன்ஜினோடு கையாலேயே முழுக்கச் சேர வேண்டும். போல்ட்டால் இழுத்துச் சேர்க்காதீர்கள். சேர்ந்த பிறகு கன்வெர்ட்டர் கையால் சுலபமாகச் சுற்ற வேண்டும், ஃபிளெக்ஸ் பிளேட்டைத் தொட 3 முதல் 5 மி.மீ. முன்னால் நகர வேண்டும். நகரவே இல்லை என்றால் சரியாக உட்காரவில்லை, பெட்டியைத் திரும்ப இறக்குங்கள். 5-க்கு மேல் என்றால் வாஷர் வைத்து இடைவெளியைக் குறையுங்கள்.

நான்கைந்து லிட்டர் ஆயில் ஊற்றி ஸ்டார்ட் செய்து, ஓடும்போதே மீதியை ஊற்றுங்கள். பிரேக்கை மிதித்தபடி எல்லா கியரிலும் ஒரு சுற்று லீவரைப் போட்டு வாருங்கள். ஜெனரல் மோட்டார்ஸ் பெட்டிகளில் ஆயில் அளவை இன்ஜின் ஓட, சூடான நிலையில், பார்க்கில் பாருங்கள். டார்க்ஃபிளைட் என்றால் நியூட்ரலில்; பார்க்கில் அதன் கன்வெர்ட்டருக்கு ஆயில் போகாது, அளவு தப்பாகக் காட்டும்.

முதல் ஓட்டம் அழுத்த மானி மாட்டியபடியே, பாதி ஆக்சிலரேட்டருக்கு மேல் போகாமல். பெடலை மிதிக்க மிதிக்க மானி ஏறுகிறதா என்று பாருங்கள். ஏறவில்லை என்றால் உடனே நிறுத்தி கேபிளையோ, வேக்கம் குழாயையோ, சென்சாரையோ சரிபாருங்கள். அன்றைக்கே வண்டிக்கு அடியில் படுத்துக் கூலர் குழாய் இணைப்புகளில் கசிவு இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். முதல் சில நூறு கிலோமீட்டருக்குப் பிறகு பானைக் கழற்றி, ஃபில்டரை மாற்றி, காந்தத்தில் ஒட்டியிருப்பதைத் துடைத்துவிட்டுப் புது ஆயில் ஊற்றுங்கள். முழு ஆக்சிலரேட்டர் அதற்கு அப்புறம்.